12-க்கும் 18-க்கும் மீ.சி.ம 6 என்று சொல்லும் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் ஆறாம் வகுப்பு. 12, 18 இரண்டுக்கும் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) என்ன என்று கேட்டால் ஒரு நாள் 6 என்கிறான், இன்னொரு நாள் 216 என்கிறான், எப்போதாவது 36 வருகிறது. கோடு போட்டு வகுக்கத் தெரிகிறது. ஆனால் மூன்று எண்ணாகக் கொடுத்துவிட்டால் தடுமாறுகிறான். "நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன், எனக்கே மறந்துவிட்டது. டியூஷன் அனுப்பலாமா, இல்லை வீட்டிலேயே சொல்லித் தர முடியுமா?" என்று கேட்கிறார்.

வீட்டிலேயே முடியும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துப் பள்ளிகளிலும் இருபது வருடத்துக்கு மேல் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் மகன் சொல்லும் 6, 216 இரண்டுமே வாய்க்கு வந்ததைச் சொன்ன விடை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி இல்லை, முழுக் கிணறே தாண்டிவிடலாம்.

முதலில் 6-ஐப் பார்ப்போம். "மீச்சிறு பொது மடங்கு" என்று நாம் சொல்லும்போது பிள்ளையின் காதில் விழுவது "சிறு" மட்டும்தான். உடனே சின்ன எண்ணாகத் தேட ஆரம்பிக்கிறான். 12-லும் 18-லும் பொதுவாக இருக்கும் சின்ன எண் எது என்று பார்த்தால் 6 கண்ணில் படுகிறது. 6 என்பது மீப்பெரு பொதுக் காரணி, அதாவது மீ.பெ.கா: இரண்டு எண்ணையும் மிச்சமில்லாமல் வகுக்கும் எண்களில் மிகப் பெரியது. பெயரில் "பெரு" இருக்கும் மீ.பெ.கா 6, "சிறு" இருக்கும் மீ.சி.ம 36. பெயர் ஒரு பக்கம் இழுக்கிறது, விடை இன்னொரு பக்கம் நிற்கிறது. பதினொரு வயதுப் பிள்ளை இதில் குழம்பினால் அவன்மேல் கோபப்பட ஒன்றுமே இல்லை.

அதனால் நான் இந்தப் பெயரைக் கடைசிச் சொல்லிலிருந்து படிக்கச் சொல்வேன். கடைசிச் சொல் மடங்கு. தக்காளி விலை மூன்று மடங்கு ஏறிவிட்டது என்ற பேச்சைக் கேட்காமல் பாலக்கோட்டில் எந்தப் பிள்ளையும் வளர்ந்திருக்காது. 12-ன் மடங்கு என்றால் 12, 24, 36, 48 என்று ஏறிக்கொண்டே போகும். 12-க்குக் கீழே இறங்க வழியே கிடையாது. அடுத்த சொல் பொது. பொதுக்கிணறு மாதிரி இரண்டு பேருக்கும் சொந்தம். 12-ன் வரிசையிலும் இருக்க வேண்டும், 18-ன் வரிசையிலும் இருக்க வேண்டும். கடைசியாகத்தான் மீச்சிறு. அப்படிப் பொதுவாக வருகிற எண்கள் 36, 72, 108 என்று முடிவில்லாமல் போகுமே, அவற்றில் எல்லாவற்றையும்விடச் சின்னது. பிள்ளை பேனாவை எடுப்பதற்கு முன்னாலேயே, "விடை 18-ஐவிடக் குறைவாக வருமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். "வராது, 18-ன் மடங்குதானே" என்று அவனே சொல்லிவிட்டால் அதற்கப்புறம் 6 என்ற விடை அந்த வீட்டில் எழாது.

216-ன் கதை வேறு. வகுப்பில் முதல் எடுத்துக்காட்டாக 2, 3 என்றோ 3, 5 என்றோ எடுத்துக்கொள்வோம். சின்ன எண், எளிதாக இருக்கும் என்று. 2-க்கும் 3-க்கும் 6, 3-க்கும் 5-க்கும் 15. இரண்டு மூன்று கணக்கு இப்படியே போனால் பிள்ளை தனக்குள் ஒரு விதி எழுதிக்கொள்கிறான்: இரண்டையும் பெருக்கு, அவ்வளவுதான். நாம் அந்த விதியைச் சொல்லவே இல்லை, ஆனால் நாம் கொடுத்த எண்கள் சொல்லிவிட்டன. 12 × 18 = 216. நானும் முதல் சில வருடங்கள் இப்படித்தான் 2, 3-ல் ஆரம்பித்தேன். இப்போது எப்போதும் 4, 6-ல்தான் ஆரம்பிக்கிறேன். பெருக்கினால் 24, உண்மையான விடை 12. முதல் கணக்கிலேயே அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

அதை எப்படிக் கண்ணால் காட்டுவது என்பதற்கு நான் எங்கும் காசு கொடுத்து எதுவும் வாங்கியதில்லை. நம் பக்கத்தில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமா? மாசி, பங்குனியில் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் புளி தட்டிக்கொண்டிருப்பார்கள், கொட்டை குவிந்து கிடக்கும். அரூர் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தபோது ஒரு பெண் பிள்ளை, வாய்ப்பாடு சரளமாகச் சொல்வாள், ஆனால் மீ.சி.ம என்றால் 4-க்கும் 6-க்கும் 24 என்றுதான் எழுதுவாள். வராந்தாவில் உட்காரவைத்துப் புளியங்கொட்டையை ஒரே நேராக ஒரு வரிசை வைக்கச் சொன்னேன், நாலு கொட்டைக்கு ஒரு ஈர்க்குச்சி. அதற்குக் கீழேயே ஒட்டினாற்போல இன்னொரு வரிசை, ஆறு கொட்டைக்கு ஒரு ஈர்க்குச்சி. மேல் வரிசைக் கொட்டைக்கு நேர் கீழே கீழ் வரிசைக் கொட்டை இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மேலே மூன்றாவது குச்சியை வைத்தாள், கீழே இரண்டாவது குச்சியை வைத்தாள். இரண்டு குச்சியும் ஒரே கோட்டில் நின்றன. கையில் அடுத்த கொட்டையை எடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டு, "சார், இங்கேயே சேர்ந்துடுச்சு. அப்போ இருபத்து நாலு வரைக்கும் போகவே வேணாம்" என்றாள். நான் மேலும் வைக்கச் சொன்னேன். 24-ல் மறுபடியும் குச்சிகள் நேராக வந்தன, 36-லும் வந்தன. "இருபத்து நாலு தப்பு இல்ல சார், அது ரெண்டாவது தடவை" என்று அவளே சொன்னாள். பொது மடங்கு என்றால் என்ன, மீச்சிறு என்றால் என்ன என்று நான் அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்கம் தரையில் கிடந்தது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியும். நாலாறு எத்தனை என்றால் 24 என்று டக்கென்று சொல்வாள். ஆனால் 6-ன் வரிசையை 6, 12, 18, 24 என்று தாவித் தாவிப் போகச் சொன்னால் நடுவில் நின்றுவிடுவாள். நம் பிள்ளைகள் பலருக்கும் இப்படித்தான். ஓராறு ஆறு, ஈராறு பன்னிரண்டு, மூவாறு பதினெட்டு என்று ராகத்தோடு சொல்லும்போது விடைகள் தனித்தனியாக மனதில் தங்குகின்றன, வரிசையாகத் தங்குவதில்லை. அதனால் மீ.சி.ம-வுக்குப் போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் விடையை மட்டும் சொல்லும் பழக்கம் வைக்கலாம். தண்ணீர் எடுக்கப் போகும்போது, மாட்டுக்குத் தீவனம் போடும்போது, நீங்கள் ஒன்று அவன் ஒன்று என்று மாற்றி மாற்றி: எட்டு, பதினாறு, இருபத்து நாலு, முப்பத்திரண்டு. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய உண்டு. அவர்கள் மனதுக்குள் எந்த மொழியில் எண்ணுகிறார்களோ அந்த மொழியிலேயே தாவட்டும் என்று விட்டுவிடுவேன். எழுதும்போது எண் எண்தானே.

வரிசை பழகிய பிள்ளைக்கு நான் சொல்லித் தரும் முதல் வழி கோடு போடும் முறை இல்லை. பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறுவது. 12, 18 இரண்டில் பெரியது 18. 18-ஐ எடு, அது 12-ஆல் மிச்சமில்லாமல் வகுபடுமா? படாது. அடுத்து 36, வகுபடுமா? படும். முடிந்தது, 36. 8-க்கும் 12-க்கும்: 12 இல்லை, 24 ஆம். 15-க்கும் 20-க்கும்: 20 இல்லை, 40 இல்லை, 60 ஆம். சின்ன எண்ணின் மடங்கை எழுதத் தேவையே இல்லை. பெரிய எண்ணில் ஏறினால் படிகள் குறைவு. எவ்வளவு மோசமான கணக்காக இருந்தாலும் சின்ன எண் எத்தனையோ அத்தனை படிக்குள் விடை வந்தே தீரும், ஏனென்றால் அதற்குள் இரண்டின் பெருக்கற்பலனே வந்துவிடும். மூன்று எண் என்றாலும் பயமில்லை. 4, 6, 10 என்றால் முதலில் 4, 6 இரண்டுக்கும் 12. அப்புறம் 12-க்கும் 10-க்கும் பார்: 12, 24, 36, 48, 60. விடை 60. ஆறாம் வகுப்பில் வரும் பெரும்பாலான கணக்குகளை இந்த ஒரு வழியிலேயே மனதுக்குள் போட்டுவிடலாம். தேர்வில் "வகுத்தல் முறையில் காண்க" என்று கேட்டிருந்தால் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் எழுதிய விடை சரியா என்று பார்க்க இது கையில் இருந்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும்.

அடுத்து பகாக் காரணிகள், அதாவது ஒரு எண்ணை 2, 3, 5 மாதிரி மேலும் உடைக்க முடியாத எண்களின் பெருக்கலாகப் பிரிப்பது. இங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் கழன்றுகொள்கிறார்கள். 12 = 2 × 2 × 3. 18 = 2 × 3 × 3. இது வரைக்கும் எல்லாரும் செய்வார்கள். இதிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது? பொதுவானதை ஒருமுறை எடு, மீதியை எல்லாம் எடு என்று விதியாகச் சொன்னால் ஒரு வாரம் நினைவிருக்கும், அப்புறம் மீ.பெ.கா விதியோடு கலந்துவிடும். அந்த இடத்தில் நான் சொல்லும் கதை சாமியானா கடை.

ஊரில் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை ஒன்று. கடையில் இரண்டு வகைப் பாத்திரம்: அண்டா, குண்டான். அண்டாதான் 2, குண்டான்தான் 3. ஒரு வீட்டில் காதுகுத்து. அந்த வீட்டின் பெயர் 12. அவர்களுக்கு இரண்டு அண்டா, ஒரு குண்டான் வேண்டும், ஏனென்றால் 12 = 2 × 2 × 3. இன்னொரு வீட்டில் நிச்சயதார்த்தம், அது 18. அவர்களுக்கு ஒரு அண்டா, இரண்டு குண்டான். இரண்டு விசேஷமும் வேறு வேறு நாளில். கடைக்காரர் குறைந்தபட்சம் எத்தனை அண்டா, எத்தனை குண்டான் வாங்கி வைக்க வேண்டும்?

இதைக் கேட்டதும் பிள்ளைகள் கூட்ட மாட்டார்கள். கல்யாண வீட்டுப் பாத்திரம் பார்த்தே வளர்ந்தவர்கள். காதுகுத்துக்குப் போன அண்டாதான் திரும்பி வந்துவிடுமே, அதையே நிச்சயதார்த்தத்துக்குக் கொடுக்கலாமே என்பார்கள். அதிகபட்சமாகக் கேட்பவருக்கு எத்தனை அண்டாவோ அத்தனை போதும்: இரண்டு. அதிகபட்சமாகக் கேட்பவருக்கு எத்தனை குண்டானோ அத்தனை: இரண்டு. 2 × 2 × 3 × 3 = 36. இதுதான் மீ.சி.ம. 36-க்குள் 12-க்கு வேண்டியதும் இருக்கிறது, 18-க்கு வேண்டியதும் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு கரண்டிகூட அதிகமில்லை.

இதே கதையில் மற்ற இரண்டு விடையும் எங்கே இருக்கின்றன என்று காட்டிவிடலாம். இரண்டு வீட்டாரும் கேட்டதில் ஒத்துப்போவது எது? ஒரு அண்டா, ஒரு குண்டான். 2 × 3 = 6. அது மீ.பெ.கா. இரண்டு விசேஷமும் ஒரே நாளில் வந்துவிட்டால்? அப்போது கூட்டித்தான் ஆக வேண்டும். மூன்று அண்டா, மூன்று குண்டான், அதாவது 2 × 2 × 2 × 3 × 3 × 3 = 216. உங்கள் மகன் சொன்ன மூன்று விடையும் ஒரே கடைக்குள் இருக்கின்றன. எந்த விடை எந்தக் கேள்விக்கு என்பதுதான் அவனுக்குக் குழப்பம்.

கொஞ்சம் ஆர்வமுள்ள பிள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். ஒவ்வொரு பாத்திரத்திலும் அதிகமாகக் கேட்டதையும் குறைவாகக் கேட்டதையும் சேர்த்தால் இரண்டு வீட்டாரும் கேட்ட மொத்தம் வந்துவிடும் அல்லவா? அண்டாவில் இரண்டும் ஒன்றும் மூன்று, குண்டானில் இரண்டும் ஒன்றும் மூன்று. அதனால்தான் மீ.சி.ம × மீ.பெ.கா = இரண்டு எண்களின் பெருக்கற்பலன். 36 × 6 = 216. புத்தகத்தில் இதை ஒரு சூத்திரமாகக் கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். இந்தக் கதை வழியாக வந்த பிள்ளை சூத்திரத்தைப் பார்த்ததும் "ஆமாம், அப்படித்தானே இருக்கும்" என்பான். ஆனால் மூன்று எண்களுக்கு இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாது, அதையும் சொல்லிவையுங்கள்.

5 வந்தால் புது வகைப் பாத்திரம், தாம்பாளம் என்று வைத்துக்கொள்ளலாம். 12-க்கும் 20-க்கும்: 20-க்கு இரண்டு அண்டா, ஒரு தாம்பாளம். கடையில் இரண்டு அண்டா, ஒரு குண்டான், ஒரு தாம்பாளம், 2 × 2 × 3 × 5 = 60. 6-க்கும் 18-க்கும் என்றால் 18 வீட்டுக்கு எடுத்து வைத்ததிலேயே 6 வீட்டுக்கு வேண்டியது இருக்கிறது, தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம், 18-தான். 8-க்கும் 9-க்கும் என்றால் ஒருவர் கேட்பது வெறும் அண்டா, மற்றவர் கேட்பது வெறும் குண்டான். ஒருவர் பாத்திரம் மற்றவருக்கு உதவாது. அப்போது மட்டும்தான் நேரடியாகப் பெருக்குவது சரி, 72.

கோடு போட்டு வகுக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் மகனுக்கு அது தெரிந்திருக்கிறது. மூன்று எண்ணில் அவன் தடுமாறும் இடம் எது என்று என்னால் ஊகிக்க முடிகிறது, இரண்டு இடம்தான் உண்டு. 6, 8, 12 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஆல் வகுத்தால் 3, 4, 6. மறுபடி 2-ஆல் வகுத்தால் 3, 2, 3. இங்கே மூன்றையும் வகுக்கும் எண் இல்லை என்று பல பிள்ளைகள் நிறுத்திவிட்டு, 2 × 2 × 3 × 2 × 3 = 72 என்று எழுதிவிடுவார்கள். இரண்டு இடத்தில் 3 இருக்கிறதே, அந்த ஒரே குண்டானை இரண்டு தடவை வாங்கிவிட்டோம். ஏதாவது இரண்டு எண் வகுபட்டாலும் வகுக்க வேண்டும். 3-ஆல் வகுத்து, வகுபடாத 2-ஐ அப்படியே இறக்கினால் 1, 2, 1. விடை 2 × 2 × 3 × 2 = 24. பெரிய எண்ணைப் பிடித்து ஏறிப் பாருங்கள்: 12-ஐ 8 வகுக்காது, 24-ஐ 6-ம் வகுக்கும் 8-ம் வகுக்கும். சரி.

இரண்டாவது இடம், அவசரத்தில் பகா எண் அல்லாததால் வகுப்பது. 4, 6, 12-ஐ முதலிலேயே 4-ஆல் வகுத்தால் 1, 6, 3 வரும். அப்புறம் 3-ஆல் வகுத்தால் 1, 2, 1. பெருக்கினால் 24. உண்மையான விடை 12. 6-க்குள் இருந்த ஒரு 2-ஐக் கவனிக்காமல் மேலே தாண்டிவிட்டதால் வந்த பிழை. எல்லா எண்ணும் வகுபட்டால் எதனால் வகுத்தாலும் தப்பில்லை. ஆனால் அதையெல்லாம் பிள்ளைக்குச் சொல்லிக் குழப்ப வேண்டாம், 2, 3, 5, 7 என்று பகா எண்ணால் மட்டும் வகு என்று பழக்கிவிடுங்கள்.

இவ்வளவும் எதற்கு என்று பிள்ளை கேட்டால் பின்னத்தைக் காட்டுங்கள். 5/12-ஐயும் 7/18-ஐயும் கூட்ட வேண்டும். பகுதிகளை, அதாவது கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்களை, 36 ஆக்கினால் 15/36-ம் 14/36-ம், மொத்தம் 29/36. 216 ஆக்கினாலும் தப்பில்லை. 90/216-ம் 84/216-ம் சேர்ந்து 174/216, அதை மறுபடி 6-ஆல் சுருக்கி 29/36-க்கு வர வேண்டும். சுற்றிப் போகிறோம், வழியில் பிழை வர நாலு இடம். நமக்குப் பக்கத்திலேயே, கன்னட நாட்டை ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் ஆண்ட 9-ஆம் நூற்றாண்டில், மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் இருந்தார். பகுதிகளின் மீச்சிறு பொது மடங்குக்கு "நிருத்தம்" என்று தனியாகப் பெயரே வைத்து, பின்னங்களைக் கூட்ட அதைப் பயன்படுத்தச் சொன்னவர் அவர். ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேலாக அதே வேலைக்குத்தான் இது பயன்படுகிறது. பத்தாம் வகுப்பில் இதே மீ.சி.ம, மீ.பொ.ம என்ற பெயரில் எண்களுக்குப் பதிலாகக் கோவைகளுக்கு வரும். அங்கே x ஒரு பாத்திரம், x + 1 இன்னொரு பாத்திரம். கடை அதேதான்.

வார்த்தைக் கணக்குகளில்தான் நான் அதிகம் நேரம் செலவழிப்பேன். தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து பென்னாகரத்துக்கு 12 நிமிடத்துக்கு ஒரு பேருந்து, பாலக்கோட்டுக்கு 18 நிமிடத்துக்கு ஒன்று என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு இரண்டும் சேர்ந்து கிளம்பின. மறுபடி எப்போது சேர்ந்து கிளம்பும்? பிள்ளைகள் 36 என்று எழுதிவிட்டு நின்றுவிடுவார்கள். கேட்டது நேரம், விடை 6.36. அதற்கடுத்து 7.12. இது சின்னத் தவறு, இரண்டு முறை சுட்டிக்காட்டினால் சரியாகிவிடும்.

பெரிய தவறு வேறு. அதற்காகவே நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை. காரிமங்கலம் சந்தை செவ்வாய்க்கிழமை. இரண்டும் 7 நாளுக்கு ஒருமுறை. இரண்டும் ஒரே நாளில் எப்போது வரும்? வகுப்பில் பாதிப் பேர் 7-க்கும் 7-க்கும் மீ.சி.ம 7, அதனால் 7 நாளில் என்று எழுதினார்கள். ஆடு விற்க அப்பாவோடு இரண்டு சந்தைக்கும் போய்வரும் ஒரு பையன் மட்டும் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். ஏன் என்றால், "ஞாயித்துக்கிழமையும் செவ்வாக்கிழமையும் எப்படி சார் ஒண்ணா வரும்?" என்றான். அன்று முழுக்க அந்த ஒரு கேள்வியை வைத்தே பாடம் நடந்தது. மீ.சி.ம சொல்வது, இரண்டும் ஒருமுறை சேர்ந்தால் மறுபடி எவ்வளவு கழித்துச் சேரும் என்பதை மட்டும்தான். முதலில் சேர்ந்தனவா என்பதை நாம்தான் கணக்கில் தேட வேண்டும். "இரண்டும் சேர்ந்து கிளம்பின", "இன்று இரண்டும் வந்தன" என்ற வரி கணக்கில் இருக்கிறதா என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் தேதியை வரிசையாக எழுதித்தான் பார்க்க வேண்டும்.

அப்படி எழுதிப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. ஒரு தெருவில் ஓகேனக்கல் தண்ணீர் 3 நாளுக்கு ஒருமுறை வருகிறது. சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு, போச்சம்பள்ளிச் சந்தை. தண்ணீரும் சந்தையும் ஒரே நாளில் எப்போது? சனிக்கிழமையை 0 என்று வைத்தால் தண்ணீர் 0, 3, 6, 9, 12, 15. சந்தை 1, 8, 15. பதினைந்தாம் நாள் சேர்கின்றன. அதற்கப்புறம்தான் 21 நாளுக்கு ஒருமுறை. 21 எங்கிருந்து வந்தது என்று அப்போது அவனே சொல்வான்.

தாத்தா பாட்டி இருக்கும் வீடாக இருந்தால் அறுபதாம் கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம். பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60. வியாழன் ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு, சனி சுற்றிவர ஏறக்குறைய 30 ஆண்டு. 12-க்கும் 30-க்கும் மீ.சி.ம பார்க்கச் சொல்லுங்கள். 30 இல்லை, 60 ஆம். பிறந்தபோது வானத்தில் இருந்த இடத்துக்கு இரண்டும் ஏறக்குறைய சேர்ந்து திரும்பி வருகிற வயது அது. என் வகுப்பில் இதைச் சொன்ன மறுநாள் இரண்டு பிள்ளைகள் தாத்தா பிறந்த ஆண்டின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

எந்தக் கணக்குக்கு மீ.சி.ம, எதற்கு மீ.பெ.கா என்று கண்டுபிடிக்க "மீண்டும்" என்று வந்தால் இது, "அதிகபட்சம்" என்று வந்தால் அது என்று சில இடங்களில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணக்கை வேறு சொல்லில் எழுதினால் பிள்ளை மாட்டிக்கொள்வான். 12 மீட்டர், 18 மீட்டர் கயிறு இரண்டையும் மிச்சமில்லாமல் சம நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும், எவ்வளவு நீளமான துண்டாக வெட்டலாம்? துண்டு கயிற்றைவிட நீளமாக இருக்குமா? இருக்காது. அப்படியானால் விடை 12-க்குள், காரணியைத் தேடு, 6 மீட்டர். பேருந்தில் விடை 18-க்கு மேல், மடங்கைத் தேடு. விடை கொடுத்த எண்களைவிடப் பெரிதாக வருமா, சின்னதாக வருமா என்ற ஒரே கேள்வி போதும்.

டியூஷனுக்கு அனுப்ப வேண்டாம். தினம் பதினைந்து நிமிடம், பத்து நாள். முதல் மூன்று நாள் தாவி எண்ணுவது மட்டும். நாலாம் நாள் புளியங்கொட்டை, 4-ம் 6-ம், அடுத்து 6-ம் 8-ம், அடுத்து 6-ம் 9-ம். அப்புறம் பெரிய எண்ணைப் பிடித்து ஏறுவது. சாமியானா கடையை அதற்கப்புறம் எடுங்கள். 14, 21-க்கு 42 வரும். 16, 24-க்கு 48. 10, 12, 15-க்கு 60. 9, 12, 15-க்கு 180. இவை உங்களுக்குச் சரிபார்க்க.

பத்தாம் நாள் இந்தக் கணக்கைக் கொடுங்கள். ஒருவர் சந்தையில் மாங்காயைக் கூறு கட்டுகிறார். 4 காயாகக் கட்டினாலும் ஒன்று மிஞ்சுகிறது, 6 ஆகக் கட்டினாலும் ஒன்று மிஞ்சுகிறது, 8 ஆகக் கட்டினாலும் ஒன்று மிஞ்சுகிறது. காய் 60-க்கு மேல், 80-க்குள். எத்தனை காய்? உதவி செய்யாதீர்கள், கொட்டையோ கல்லோ எடுத்து வைத்துப் பார்க்கட்டும். மிஞ்சிய அந்த ஒரு காயைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால் மீதியை மூன்று விதமாகவும் கட்டலாம் என்று அவனுக்குத் தோன்ற ஒரு நாள்கூட ஆகலாம். 24, 48, 72, அதோடு அந்த ஒரு காய். 73 என்று சொன்னான் என்றால் எப்படி வந்தது என்று உங்களுக்கு அவனையே சொல்லித் தரச் சொல்லுங்கள்.